கரக் கோட்டை: கல்லும் கதையும்

சிலுவைப் போர்களைப் பற்றிப் பேசப்படும் மேடைகளில் ஒரு கதை தவறாமல் இடம்பெறும். மாவீரர் ஸலாஹுத்தீன் அய்யூபி ஒரு மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. மணமகனின் தாய் திருமண விருந்திலிருந்து உணவு எடுத்து முற்றுகையிட்டவருக்கே அனுப்பிவைத்தாள். அது கண்டு மகிழ்ந்த ஸலாஹுத்தீன், மணமக்கள் தங்கியிருக்கும் கோபுரம் எதுவெனக் கேட்டறிந்து, அதன்மீது மட்டும் ஒரு கல்லும் விழலாகாது எனத் தம் படையினர்க்குக் கட்டளையிட்டார். மீலாது விழாக்களில் இதைக் கேட்டு நெஞ்சம் நெகிழாதார் இலர். ஆயினும், அக்கோட்டை எங்குள்ளது, அதைக் கட்டியவர் யார், இக்கதையை எழுதிவைத்தவர் யார், பின்னர் அக்கோட்டை என்னவாயிற்று என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இடமும்

அக்கோட்டையின் பெயர் கரக். இன்றைய ஜோர்டான் நாட்டில், தலைநகர் அம்மானுக்குத் தெற்கே, சாக்கடலுக்குக் கிழக்கே எழுந்துள்ள மேட்டுநிலத்தில் அமைந்த ஊரின் பெயரும் அதுவே. அரண் சூழ்ந்த ஊர் என்னும் பொருளுடைய பழைய அரமேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. எனவே கோட்டை எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்விடம் அரணுடைய ஊராக இருந்தது என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். சிரியாவில் இதனினும் புகழ்பெற்ற வேறொரு மலைக்கோட்டை உண்டு. அரபியர் அதனை ஹிஸ்னுல் அக்ராத், அதாவது குர்துகளின் கோட்டை என்பர். ஐரோப்பியர் இரண்டையுமே கிராக் என்று எழுதிவிட்டனர். சிரியாவில் உள்ளது வீரர்களின் கிராக். நாம் பேசுவது மோவாபியரின் கிராக். ஒன்றன் படத்தைப் போட்டு மற்றொன்றன் கதையை எழுதுவோர் இன்றும் உளர்.

மோவாபியர் என்பார் இஸ்ரவேலரின் அண்டை நாட்டினராய் விளங்கிய பழங்குடியினர். அவர்தம் அரசன் மேசாவின் அரணூர் முற்றுகையிடப்பட்ட செய்தி பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ளது. அவ்வூர் இக்கரக்கே என்பது அறிஞர் பலரின் கருத்து. மாதபா நகரத்துத் தேவாலயத்தின் தரையில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்ட 6ஆம் நூற்றாண்டு நிலப்படத்திலும் கரக் மதில் சூழ்ந்த மலையூராகக் காட்சி தருகிறது. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1880ஆம் ஆண்டளவில் கரக்கிலிருந்து பெயர்ந்து சென்ற கிறித்தவக் குடும்பங்களே பாழ்பட்டுக் கிடந்த மாதபாவில் குடியேறின. அவர்கள் புதிய தேவாலயம் எழுப்பிய இடத்திலேதான் அந்நிலப்படம் வெளிப்பட்டது. தம் முன்னோர் ஊரின் படத்தைத் தாம் புகுந்த ஊரின் மண்ணுக்குள் அவர்கள் கண்டெடுத்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தியும் இந்நிலத்துக்கு உண்டு. கரக்கிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் முஃதா உள்ளது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய படை ரோமப் பேரரசின் படையை எதிர்கொண்ட களம் அதுவே. ஜைது இப்னு ஹாரிதா (ரலி), ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக அங்கே ஷஹீதானார்கள். அவர்களின் அடக்கவிடங்கள் அருகிலுள்ள மஸார் என்னும் ஊரில் உள்ளன. சிலுவைப் போராளர் கரக்கில் கோட்டை கட்டியபோது, இத்தகைய நினைவுகள் நிறைந்த ஒரு நிலத்தின் நடுவில்தான் கட்டினார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

கோட்டை எழுந்த காரணம்

1099இல் ஜெருசலத்தைக் கைப்பற்றிய ஐரோப்பியர், அங்கே ஓர் அரசை நிறுவினர். அவ்வரசின் கிழக்கெல்லை யோர்தான் ஆற்றுக்கு அப்பாலும் நீண்டது. எகிப்தையும் சிரியாவையும் இணைக்கும் பெருவழியும், டமாஸ்கஸிலிருந்து ஹிஜாஸுக்குச் செல்லும் ஹஜ் பயணிகளின் வழியும் அப்பகுதியினூடே சென்றன. அவ்வழிகளைத் தம் பிடிக்குள் வைத்திருப்பவர் கெய்ரோவும் டமாஸ்கஸும் கைகோப்பதைத் தடுக்கலாம். கடந்து செல்லும் வணிகரிடம் சுங்கமும் பெறலாம். இதனை உணர்ந்த முதலாம் பால்ட்வின் மன்னர் 1115இல் ஷவ்பக் என்னும் இடத்தில் ஒரு கோட்டை கட்டினார். பின்னர் 1142இல், அரசவையில் பானத் தலைவர் என்னும் பதவி வகித்தவரும் அப்பகுதியின் ஆட்சித் தலைவருமான பேகன் என்பார் கரக்கில் புதிய கோட்டையைத் தொடங்கித் தம் தலைமையிடத்தையும் அங்கே மாற்றிக்கொண்டார்.

இடத்தேர்வு வியக்கத்தக்கது. ஊரே மும்முனையாக அமைந்த ஒரு மலைமேட்டின்மேல் உள்ளது. சுற்றிலும் செங்குத்தான பள்ளத்தாக்குகள். அம்மேட்டின் தென்முனையில், ஏறக்குறைய 220 மீட்டர் நீளத்திற்கு, வடக்கே அகன்றும் தெற்கே குறுகியும் கோட்டை நீண்டு கிடக்கிறது. ஊருக்கும் கோட்டைக்கும் இடையே பாறையைக் குடைந்து ஆழமான அகழி வெட்டினர். மேற்கு மதிலில் நின்றால் சாக்கடல் தெரியும். கோட்டையோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 மீட்டர். சாக்கடலின் நீர்ப்பரப்போ கடல் மட்டத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகம். இத்தகைய உயரத்திலிருந்து வருவோரையும் போவோரையும் காண்பது எளிது. அங்கே ஏறிச் சென்று தாக்குவது அரிது.

ஒரே ஒரு குறை இருந்தது. தெற்கே, பள்ளத்துக்கு அப்பால், இதனினும் உயர்ந்த ஒரு குன்று உண்டு. அதன்மீது கல்லெறி பொறிகளை நிறுத்தினால் கோட்டைக்குள் அடிக்கலாம். பின்னால் வந்த முஸ்லிம் ஆட்சியாளர்கள் தென்முனையில் பருத்த பெருங்கோபுரத்தை எழுப்பியதற்கு இதுவே காரணம்.

கட்டியவர் யார் என்பதைக் கல்லே சொல்லும். சிலுவைப் போராளர் கட்டிய பகுதிகள் கருமையும் செம்மையும் கலந்த, சொரசொரப்பான எரிமலைக் கல்லால் ஆனவை, செதுக்கும் செம்மையற்றவை. அய்யூபியரும் மம்லூக்கியரும் சேர்த்த பகுதிகள் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்லால், ஒழுங்காகச் செதுக்கிப் பொருத்தப்பட்டவை. சுவடியில் கையெழுத்து மாறும் இடத்தைக் கொண்டு எழுதியவர் மாறினார் எனப் பதிப்பாசிரியர் கண்டுகொள்வது போல, இங்கே கல்லின் நிறம் மாறும் இடத்தில் ஆட்சி மாறியதைக் கண்டுகொள்ளலாம்.

அர்னாத் என்னும் அயலான்

கரக்கின் பெயரை முஸ்லிம் உலகெங்கும் அச்சத்தோடு உச்சரிக்கச் செய்தவர் ரேனால்ட் என்னும் பிரெஞ்சுப் பெருமகன். அரபு நூல்கள் இவரை அர்னாத் என்று குறிக்கும். முன்னர் அந்தியோக்கியாவின் அரசியை மணந்து அந்நாட்டை ஆண்டவர். பின்னர் பிடிபட்டு அலெப்போவில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் சிறையிருந்தார். 1176இல் விடுதலையானதும், கரக்கின் உரிமையுடைய ஸ்டெபானி என்னும் கைம்பெண்ணை மணந்து கோட்டைக்குத் தலைவரானார்.

போர்நிறுத்த உடன்பாடு நடப்பிலிருந்தபோதே, 1181இல் இவர் அரேபியப் பாலைக்குள் புகுந்து வணிகக் குழுவைக் கொள்ளையிட்டார். அடுத்து 1182-83இல் செய்தது அதனினும் துணிகரமானது. கப்பல்களைப் பகுதி பகுதியாகச் செய்து, ஒட்டகங்களில் ஏற்றிச் சென்று, அகபா வளைகுடாவில் பூட்டி மிதக்கவிட்டார். அவருடைய ஆட்கள் செங்கடலில் அய்தாப் துறைமுகத்தைத் தாக்கினர். பயணிகளின் கப்பல்களைப் பிடித்தனர். ஹிஜாஸ் கரையிலும் இறங்கினர். மதீனாவையே குறிவைத்தனர் என்னும் செய்தி அக்காலத்தில் பரவியிருந்தது. எகிப்திலிருந்த ஸலாஹுத்தீனின் தம்பி ஆதில், ஹுஸாமுத்தீன் லுஃலுஃ என்னும் கடற்படைத் தலைவரை அனுப்பி அவர்களை முறியடித்தார். பிடிபட்டவர்கள் ஒட்டகங்களில் வாலை நோக்கி அமர்த்தப்பட்டு அலெக்சாந்திரியா நகருக்குள் கொண்டுவரப்பட்ட காட்சியை, ஆந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

இவ்விடத்தில் நம் மேடைகள் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்றை நாம் சொல்லியாக வேண்டும். பிடிபட்டவர்களைக் கொன்றுவிடும்படி ஸலாஹுத்தீன் உறுதியாகக் கட்டளையிட்டார். தம்பியின் தயக்கத்தையும் மீறி அது நிறைவேறியது. சிலர் மினாவுக்கே அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டனர். ஹரம் ஷரீபுக்குச் செல்லும் கடல்வழியை அறிந்தவர் எவரும் உயிருடன் திரும்பலாகாது என்பது அவர் கருதிய காரணம். சரியா தவறா என்று தீர்ப்புரைக்க நாம் புகவில்லை. ஆனால் மன்னித்தருளிய செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை மறைத்தால், நாம் காட்டுவது வரலாற்று மனிதரை அன்று.

முற்றுகையும் மணவிழாவும்

மதிலை வளைத்தலுக்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காத்தலுக்கு நொச்சி என்றும் பெயரிட்டு, இரண்டையும் சமமாகப் பாடியவர் நம் முன்னோர். வளைத்தவரின் வீரத்தோடு உள்ளிருந்தவரின் வீரத்தையும் காண்பது அம்மரபு. கரக்கைப் பார்க்க அதுவே ஏற்ற கண்.

1183 நவம்பரில் ஸலாஹுத்தீன் கரக்கை வளைத்தார். அப்போதுதான் அங்கே திருமணம் நடந்தது, இதில் ஐயமில்லை. மணமகன் ஸ்டெபானியின் மகன் ஹம்ப்ரி. மணமகள் ஜெருசல மன்னர் நான்காம் பால்ட்வினின் மாற்றாந்தாய் வழிச் சகோதரி இசபெல்லா. அவருக்கு வயது 11. ஜெருசல அரசின் தலைமை ஆயராக அல்லாவிடினும் அக்காலத்தின் தலைசிறந்த வரலாற்றாசிரியராக விளங்கிய டயர் நகரத்து வில்லியம் இம்முற்றுகையை விரிவாக எழுதியுள்ளார். கீழேயிருந்த ஊர் முதலில் வீழ்ந்தது. ஊர் மக்கள் தம் பொருள்களோடு கோட்டைக்குள் வர அர்னாத் உரிய காலத்தில் இடந்தரவில்லை. அவர்கள் அனைத்தையும் இழந்தனர். மணவிழாவுக்காக வந்த ஆடற்கலைஞரும் இசைக்கலைஞரும் உள்ளே சிக்கிக்கொண்டனர். எட்டுப் பொறிகள் இரவும் பகலும் கல்லெறிந்தன. இறுதியில், தொழுநோயால் கண்ணொளியும் குன்றி, பல்லக்கில் சுமந்துவரப்பட்ட இளம் மன்னர் பால்ட்வின் படையுடன் நெருங்கவே, டிசம்பர் தொடக்கத்தில் ஸலாஹுத்தீன் முற்றுகையை விலக்கிக்கொண்டார்.

இவ்வளவு எழுதிய வில்லியம், விருந்துணவு அனுப்பியதையோ கோபுரத்தை விட்டுவைத்ததையோ பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஸலாஹுத்தீனின் வரலாற்றை எழுதிய இப்னு ஷத்தாதும் எழுதவில்லை. தம் தலைவரின் நற்பண்புகளைத் தேடித் தேடித் தொகுத்த அவர், இத்தகைய செய்தி கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா?

அவ்வாறாயின் கதை எங்கிருந்து வந்தது? எர்னூல் என்னும் கிறித்தவரின் பெயரால் வழங்கும் பழைய பிரெஞ்சு வரலாற்றிலிருந்து வந்தது. நம் மேடைகளில் நாம் பெருமையோடு சொல்லும் கதையை எழுதிக் காத்துவைத்தவர், எதிர்ப்படையைச் சேர்ந்த ஒரு பணியாளர்!

அக்கதையை முழுமையாகப் படித்தால் இன்னொரு பகுதியும் உண்டு. ஸலாஹுத்தீன் முன்பு கரக்கில் அடிமையாக இருந்தார் என்றும், அப்போது குழந்தையாயிருந்த ஸ்டெபானியைத் தூக்கி வளர்த்தார் என்றும், அதை நினைவூட்டியே அவள் உணவு அனுப்பினாள் என்றும் அது கூறும். இது நடந்திருக்க இயலாது. ஸலாஹுத்தீன் 1137 அல்லது 1138இல் திக்ரீத்தில் பிறந்தவர். பஅல்பக்கிலும் டமாஸ்கஸிலும் வளர்ந்தவர். ஸ்டெபானியின் தந்தைக்குக் கரக் கிடைத்ததோ 1161இல்தான். அப்போது ஸலாஹுத்தீன் இருபது வயது கடந்து நூருத்தீனின் பணியில் இருந்த இளைஞர். கைக்குழந்தையும் இல்லை, கரக்கில் அடிமையும் இல்லை.

எனினும் கதை முழுவதையும் தூக்கியெறிந்துவிடவும் இயலாது. எர்னூல், இபெலின் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பேலியனின் பணியாளர். மணமகள் இசபெல்லாவின் தாயோ அந்தப் பேலியனை மறுமணம் செய்துகொண்டவர். எனவே மணவீட்டுப் பேச்சு அவர் செவிக்கு எட்டியிருக்க வழியுண்டு. கோபுரத்தை விட்டுவைக்கச் சொன்னது உண்மையாக இருக்கலாம். அரசகுலத்து மணமக்களை உயிருடன் பிடித்தால் பெரும் மீட்புத்தொகை கிடைக்கும் என்னும் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு படியும் நாம் ஏற இயலாது. நம் மாணவர்கள் இக்கதையை மேடையில் சொல்லட்டும். "பிரெஞ்சு வரலாறு ஒன்று கூறுகிறது" என்னும் நான்கு சொற்களையும் சேர்த்துச் சொல்லட்டும்.

முற்றுகைக்கு நடுவே வணிகம்

1184இல் ஸலாஹுத்தீன் மீண்டும் கரக்கை வளைத்தார்; மீண்டும் கைகூடாமல் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பரில் டமாஸ்கஸிலிருந்து அக்கா துறைமுகத்துக்குப் பயணம் செய்த இப்னு ஜுபைர் கண்டு எழுதிய செய்தி, நம் பார்வையில், திருமணக் கதையைக் காட்டிலும் அரியது. இரு தரப்புப் படைகளும் மோதிக்கொண்டிருக்க, வணிகர் கூட்டங்கள் மட்டும் இடையூறின்றி இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சென்று வந்தன. முஸ்லிம் வணிகர் கிறித்தவர் நாட்டில் சுங்கம் செலுத்தினர். கிறித்தவ வணிகர் முஸ்லிம் நாட்டில் செலுத்தினர். போர்வீரர் போரில் ஈடுபட்டிருக்க, மக்கள் நலமாயிருந்தனர் என்று அவர் வியக்கிறார். இவர் சிலுவைப் போராளரை வாயார வைது எழுதும் மனிதர் என்பதால் இச்சான்றின் மதிப்பு கூடுகிறது.

இந்த ஒழுங்கை மீறியவர் என்பதாலேயே அர்னாத் தனித்துத் தெரிகிறார். 1187இன் தொடக்கத்தையொட்டி, கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸ் சென்ற பெரிய வணிகக் குழுவை உடன்பாட்டை மீறிப் பிடித்துக் கரக்கில் அடைத்தார். ஜெருசல மன்னர் கீ சொல்லியும் விடுவிக்க மறுத்தார். அக்குழுவில் ஸலாஹுத்தீனின் சகோதரி இருந்தார், அவர் இழிவுபடுத்தப்பட்டார் என்னும் கதையும் திரைப்படம் வரை பரவியுள்ளது. அதற்கும் வேர் பிரெஞ்சு நூல்களிலேதான் உள்ளது. அரபு வரலாற்றாசிரியர் கூற்றுப்படி, அச்சகோதரி ஹஜ் முடித்துத் திரும்பிய வேறொரு குழுவில் வந்தார். அக்குழுவைக் காக்க ஸலாஹுத்தீனே படையுடன் சென்றார். அது நலமே கடந்து சென்றது.

1187 ஜூலை 4இல் ஹித்தீன் களத்தில் சிலுவைப் படை அழிந்தது. மன்னர் கீயும் அர்னாத்தும் ஸலாஹுத்தீனின் கூடாரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தாகத்தால் துவண்ட மன்னருக்குக் குளிர்ந்த நீர் தரப்பட்டது. அவர் பருகிவிட்டு அர்னாத்திடம் நீட்டினார். "அவருக்கு நீர் தந்தது நான் அல்லன்" என்னும் கருத்துப்பட ஸலாஹுத்தீன் கூறினார். விருந்தளிக்கப்பட்டவனைக் கொல்லலாகாது என்பது அரபியர் மரபு. அம்மரபின் காப்பு அர்னாத்துக்கு இல்லை என்பது அதன் பொருள். உடன்பாட்டை மீறிய அவரைத் தம் கையாலேயே ஸலாஹுத்தீன் வெட்டினார். மன்னருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. இதனை இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார், இமாதுத்தீனும் எழுதியிருக்கிறார். இது கதையன்று.

பசி வென்ற கோட்டை

தலைவர் மடிந்தும், ஜெருசலமே 1187 அக்டோபரில் கைமாறியும், கரக் பணியவில்லை. ஹித்தீனில் பிடிபட்ட மகன் ஹம்ப்ரியை விடுவித்தால் கோட்டையைத் தருவதாக ஸ்டெபானி இசைந்தார். காவற்படையினரோ தம் தலைவியின் சொல்லையும் கேட்க மறுத்தனர். தாய் தன் மகனை மீண்டும் சிறைக்கே திருப்பி அனுப்பினாள். சொன்ன சொல்லைக் காத்த அவளது செயலை மதித்து, ஸலாஹுத்தீன் பின்னர் அவனை விடுவித்தார்.

ஆதிலின் படை ஓராண்டுக்கு மேல் மலையடியில் காத்திருந்தது. பொறிகளால் உடையாத மதிலைப் பசி உடைத்தது. உள்ளிருந்தோர் குதிரைகளை உண்டனர். இறுதியில் தம் பெண்டிரையும் பிள்ளைகளையும் வெளியே இருந்தவர்களிடம் உணவுக்கு மாற்றாகக் கொடுத்தனர் என்று பழைய பிரெஞ்சு வரலாறு கூறுகிறது. கோட்டை பணிந்தபின், ஸலாஹுத்தீன் அவர்களை விலைகொடுத்து மீட்டு அவரவர் குடும்பத்தோடு சேர்த்து அனுப்பினார் என்றும் அந்நூலே கூறும். 1188 நவம்பரில் கரக் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஷவ்பக்கும் வீழ்ந்தது. அரண் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உயரம், அகலம், திண்மை ஆகியவற்றோடு உள்ளே உணவு நிறைந்திருத்தலையும் ஏன் சேர்த்தார் என்பதைக் கரக்கின் கடைசி மாதங்கள் விளக்கிவிடும்.

46 ஆண்டுகளே சிலுவைப் போராளரின் கையில் இருந்த கோட்டை இது. அதன்பின் முஸ்லிம்களின் கையில் இருந்தது பல நூற்றாண்டுகள். ஆனால் நம்மவர் கரக்கைப் பற்றிப் பேசும்போது 1188ஓடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். வெற்றியோடு நிறுத்திக்கொள்வது இனிமையானதுதான். எனினும் கோட்டையின் வரலாறு அங்கே நிற்கவில்லை.

புகலிடமும் சிறையும்

அய்யூபிய இளவரசரும் கவிஞருமான நாஸிர் தாவூத் 1229 முதல் 20 ஆண்டுகள் கரக்கை ஆண்டார். அவர் தம் உறவினரான ஸாலிஹ் அய்யூபைப் பிடித்து இங்கே காவலில் வைத்தார். அக்காவலில் அவரோடு உடனிருந்த அடிமைப் பெண் ஒருவர் உண்டு. அவர்தான் பின்னாளில் எகிப்தின் ஆட்சிப் பீடத்திலேயே அமர்ந்த ஷஜருத்துர். முஸ்லிம் உலகில் தம் பெயரால் நாணயம் வெளியிட்டு ஆண்ட மிகச் சில பெண்களுள் ஒருவர், கரக்கின் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்.

1263இல் மம்லூக்கிய சுல்தான் பைபர்ஸ் கரக்கைப் பெற்றார். போரிட்டுப் பெறவில்லை. அதன் அய்யூபிய ஆட்சியாளர் முகீத் உமருக்குப் பாதுகாப்பு உறுதி கூறி வரவழைத்துச் சிறைப்பிடித்தார். முகீத் உயிருடன் திரும்பவில்லை. அர்னாத்தின் உடன்பாட்டு மீறலைக் கடிந்து பேசும் நாம், இதைப் படிக்கும்போதும் அதே அளவுகோலைக் கையில் வைத்திருக்க வேண்டும். பைபர்ஸ் கோட்டையையும் ஊரின் மதிலையும் வலுப்படுத்தினார். ஊரின் வடமேற்கில் அவர் எழுப்பிய கோபுரத்தில் கல்வெட்டும், அவருடைய சின்னமாகிய சிங்க உருவங்களும் உள்ளன.

1309இல் சுல்தான் நாஸிர் முஹம்மது ஹஜ்ஜுக்குச் செல்வதாகக் கெய்ரோவிலிருந்து புறப்பட்டு, கரக்கை அடைந்ததும் அரியணையைத் துறப்பதாக அறிவித்தார். அதிகாரம் மிக்க அமீர்களின் பிடியிலிருந்து தப்ப அவர் கண்ட வழி அது. அடுத்த ஆண்டே ஆதரவு திரட்டிக்கொண்டு மீண்டும் சுல்தானானார். கோட்டைக்குள் காணப்படும் மம்லூக்கிய அரண்மனை அவர் காலத்தது. அவர் மகன் நாஸிர் அஹ்மதுக்கோ அம்மலை கைகொடுக்கவில்லை. 1342இல் அரியணை ஏறிய அவர், கெய்ரோவை விட்டுக் கருவூலத்தோடு கரக்கில் வந்து அமர்ந்துகொண்டார். பதவி பறிபோயிற்று. அவருடைய உடன்பிறப்புகளே அடுத்தடுத்துப் படையனுப்பினர். 1344இல் கோட்டை வீழ்ந்தது, அஹ்மது கொல்லப்பட்டார்.

இவ்விருவர்க்கும் இடைப்பட்ட காலத்தில், 1326இல், ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் இக்கோட்டையைக் கண்டவர் இப்னு பதூதா. பின்னாளில் மஅபர் எனப்பட்ட நம் பாண்டி நாட்டுக்கும் வந்து மதுரைச் சுல்தானின் விருந்தினராக இருந்த அதே பயணிதான். காக்கைக் கோட்டை என்று இதற்கு ஒரு பெயர் வழங்கியதையும், பாறையைக் குடைந்த ஒரே வாயில் வழியாக உள்ளே செல்ல வேண்டியிருந்ததையும், இடருற்ற அரசர்கள் இங்கே அடைக்கலம் புகுவதையும் அவர் குறிப்பிடுகிறார். ஹஜ் பயணிகள் ஊருக்கு வெளியே நான்கு நாள்கள் தங்கிப் பாலைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டனராம். அர்னாத்தின் காலத்தில் ஹாஜிகள் அஞ்சிக் கடந்த மலையின் அடியிலேயே, ஒன்றரை நூற்றாண்டு சென்றபின் அவர்கள் இளைப்பாறினர்.

அழிவு

கரக் ஒரே நாளில் பாழாகவில்லை. 1293இல் நிலநடுக்கம் கோபுரங்கள் சிலவற்றைச் சிதைத்தது; அவை மீண்டும் கட்டப்பட்டன. 1516இல் சிரியாவும் அதைச் சூழ்ந்த நாடுகளும் துருக்கிய உஸ்மானியர் கைக்குச் சென்றபின், கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் நடுவில் அரசியல் செய்வோருக்கு இம்மலை தேவைப்படவில்லை. கோட்டை உள்ளூர்க் குலத்தவரின் பொறுப்பில் விடப்பட்டது. பேரழிவு 1834இல் நேர்ந்தது. எகிப்திய ஆட்சியை எதிர்த்துப் பாலஸ்தீனத்தில் கிளர்ச்சி செய்து தோற்ற தலைவர்களுக்குக் கரக் மக்கள் அடைக்கலம் அளித்தனர். துரத்தி வந்த இப்ராஹீம் பாஷா ஊரை அழித்து அரண்களையும் தகர்த்தார். சிலுவைப் போராளரும் மங்கோலிய அச்சமும் செய்யாத சேதத்தை, விருந்தோம்பலுக்குத் தண்டனையாக ஒரு முஸ்லிம் தளபதி செய்தார்.

1893இல் உஸ்மானியர் அங்கே நேரடி ஆட்சியை நிறுவினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கட்டாயப் படைச்சேர்ப்பும் தொடங்கியபோது, 1910இல் கரக் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அந்நிகழ்ச்சி அவ்வூரார் நினைவில் ஸலாஹுத்தீனின் முற்றுகையைவிட ஆழமாகப் பதிந்துள்ளது. 2016 டிசம்பர் 18இல் ஆயுதமேந்திய சிலர் கோட்டைக்குள் புகுந்து பதுங்கிச் சுட்டபோது, பாதுகாப்புப் படையினரும் பொதுமக்களும் கனடா நாட்டுப் பயணி ஒருவரும் உயிரிழந்தனர். நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அம்மதில்களை மறைவிடமாக்கி மனிதர் மனிதரைச் சுட்டனர்.

இன்று கோட்டையின் மேல்தளம் பெரும்பாலும் இடிந்து கிடக்கிறது. தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. ஆனால் தரைக்குக் கீழே வளைகூரையுடைய நீண்ட கூடங்களும், குதிரை இலாயங்களும், சமையற்கூடமும், நீர்த்தொட்டிகளும் பெரும்பாலும் சிதையாமல் உள்ளன. தாழ்ந்த முற்றத்தில் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. வடபுறத்தில் சிலுவைப் போராளரின் கருங்கல் மதிலையும், தென்முனையில் மம்லூக்கியரின் வெண்கல் கோபுரத்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். மணமக்கள் தங்கிய கோபுரம் எதுவென்று எர்னூல் எழுதிவைக்கவில்லை.